டெல்மர் பார்த்துச் சொன்ன துப்பாக்கி

பைன்லிக் ஊரில் மனைவியைக் கேட்காமல் கைத்துப்பாக்கி வாங்கியவர்கள் நிறையப் பேர் உண்டு. டெல்மர் ஸ்டாம்பரைக் கேட்காமல் வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. சனிக்கிழமை காலையில் அவர் ஹாஸ்கெல் நோபிளின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால் போதும், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சாய்ந்து நிற்கிறவர்கள் தாமாகவே ஒதுங்கி இடம் விடுவார்கள். ஒருவர் காபியை நீட்டுவார். வாங்க வந்தவன், மாமனார் வீட்டு வாசலில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பான்.

டெல்மர் துப்பாக்கி பார்க்கிற அழகே தனி. முதலில் அதைத் தொடவே மாட்டார். சுற்றி வந்து பார்ப்பார். பிறகு கையில் எடுத்து, மேல்பக்கத்து ஸ்லைடைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை ஒரு தரம் கண்ணாலும் ஒரு தரம் சுண்டு விரலாலும் பார்த்துக்கொள்வார். ஸ்லைடை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுவார். ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை உள்ளே சாய்த்து வைத்து, குழலின் மறுமுனை வழியாக ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பார். "வெறும் டிரிகர் ஒண்ணு இழுத்துக்கலாமா?" என்று ஹாஸ்கெல்லிடம் மரியாதையாகக் கேட்பார். கேட்காமல் இழுப்பது அந்த ஊரில் அடுத்தவன் தட்டில் கை வைக்கிற மாதிரி.

கடைசியில் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுப்பார். அப்போது கடையில் ஒரு சத்தம் இருக்காது. ரப்பர் முனையை முன்னால் விட்டுப் பென்சிலைக் குழலுக்குள் போட்டு, துப்பாக்கியை மேலே நிமிர்த்தி, விசையை இழுப்பார். உள்ளே இருக்கும் ஊசி அடிக்கிற அடியில் பென்சில் எகிறும். எகிறியதை இடது கையால் லபக்கென்று பிடித்துக்கொண்டு சொல்வார்: "மோசமில்ல. ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்டதுமே ஹாஸ்கெல் விலைச் சீட்டைத் தேடத் தொடங்குவார். ஏனென்றால் 'ஆனா'வுக்குப் பிறகு கட்டாயம் ஒரு குறை வரும். பிடி கொஞ்சம் தடிமன், விசை கொஞ்சம் தாமதம், குழல்மேல் இருக்கிற குறிமுள் ஒரு மயிரிழை இடப்பக்கம். குறை வந்ததும் வாங்க வந்தவன் தலையைச் சொறிவான், ஹாஸ்கெல் விலையைக் குறைப்பார், எல்லோருக்கும் சந்தோஷம். பதினொரு வருஷமாக இப்படித்தான். இந்தப் பதினொரு வருஷத்தில் டெல்மர் குறையே சொல்லாமல் விட்ட துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. அவர் தனக்கென்று ஒன்றை வாங்கியதும் கிடையாது. 'அவர் தரத்துக்கு இன்னும் ஒண்ணும் அமையல' என்று ஊரில் பயபக்தியோடு பேசிக்கொண்டார்கள்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. டெல்மர் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை.

வெடிச் சத்தம் என்றால் மனிதருக்கு உயிர் போகும். அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். பின்சீட்டில் ஒரு பிள்ளை சிப்ஸ் பொட்டலத்தைப் பட்டென்று உடைத்தால் அவர் தோள் இரண்டும் காதைத் தொட்டுவிடும், கண் இறுக மூடிக்கொள்ளும். பேருந்து ஓட்டுகிறபோது இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்து, பொட்டலம் கொண்டுவரக் கூடாது என்று ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தார். ஹாஸ்கெல்லின் கடைக்குள்ளும் அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினார். கையில் ஒரு துப்பாக்கியைத் திணித்து "எப்படி இருக்கு?" என்றார் ஹாஸ்கெல். முடி வெட்டும் கடையில் புரட்டிய பழைய பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வர, "டிரிகர் கொஞ்சம் கனம் போல" என்று வாய் தவறிச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு இழுத்துப் பார்த்து, "அட ஆமாய்யா!" என்றார்கள். வினை அங்கே பிடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் தன் பேச்சைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் விட மனசு வரும்? அதற்கப்புறம் படித்தார், கேட்டார், பார்த்தார். சுடுவது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கற்றுக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டது தீயணைப்புப் படைக் குலுக்கல்.

பைன்லிக்கில் தீயணைப்புப் படை என்றால் சம்பளம் இல்லாத ஊர்க்காரர்கள்தான். வண்டிக்கும் குழாய்க்கும் பணம் வேண்டுமே? அதற்காக வருஷா வருஷம் கோடையில் ஒரு கைத்துப்பாக்கியைப் பரிசாக வைத்துச் சீட்டு விற்பார்கள். இந்த வருஷம் படைத் தலைவர் ஜூனியர் (எழுபது தாண்டியும் ஊருக்கு அவர் ஜூனியர்தான்) ஹாஸ்கெல்லிடம் சகாய விலைக்கு டன்மோர் கம்பெனித் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். கறுப்பாக, லட்சணமாகத்தான் இருந்தது. வாங்கிய கையோடு டெல்மரிடம் நீட்டினார்.

டெல்மர் எல்லாம் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு என்ன கிரகமோ, வாயில் சனி உட்கார்ந்திருந்தது. "ஸ்லைடு ஆடுது. டிரிகர் இழுத்தா மணல்ல நடக்குற மாதிரி இருக்கு. ஜூனியர் அண்ணே, இத வச்சிருக்கிறவன் வீட்டுக்குத் திருடன் வந்தா, சுடுறதுக்குப் பதிலா இத அவன் மண்டையில தூக்கி எறியறதுதான் நல்லது" என்றார்.

கடை குலுங்கிச் சிரித்தது. மர ஆலையில் வேலை செய்கிற லான்ஸோ, டெல்மரின் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பக்தன், அந்த வார்த்தையை அன்று மாலைக்குள் மாவட்டம் முழுக்கக் கொண்டு சேர்த்துவிட்டான். பலன் என்ன? சீட்டு விற்கவில்லை. தேவாலய வாசலில் மேசை போட்டு உட்கார்ந்த ஜூனியரைப் பார்த்து எல்லோரும் வானிலை பேசிவிட்டு நழுவினார்கள்.

ஜூனியர் நேரே டெல்மர் வீட்டுக்கு வந்துவிட்டார். "தம்பி, நீ நல்லாருப்ப. ஒரே ஒரு கட்டு சீட்டு வாங்கிக்க. நீயே வாங்குனேன்னு சொன்னாத்தான் நாலு பேரு வாங்குவான்."

"மோசமான துப்பாக்கின்னு சொல்லிட்டு நானே எப்படிண்ணே..."

"அந்த மோசமான வாய உனக்கு யாரு குடுத்தது? வாங்குய்யா!"

டெல்மர் வெட்கப்பட்டு ஒரு கட்டு வாங்கினார். அவரைப் பார்த்து வாங்கியவர்களை இரண்டு கை விரலால் எண்ணிவிடலாம். மொத்தச் சீட்டில் பாதி அவருடையது என்றால் குலுக்கலில் யார் பெயர் வரும்? வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாதிரியார் சீட்டு போட்ட வாளிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் படித்தார். கூட்டம் ஓவென்று சிரித்தது. டெல்மரும் சிரித்தார், முகத்தில் ரத்தம் இல்லை.

துப்பாக்கி கிடைத்ததற்கா இப்படி வெளிறிப்போவார்கள்? இல்லை. பைன்லிக்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஊர்ச் சாப்பாடு. விடிகாலையிலிருந்து பன்றிக்கறி புகையில் வெந்துகொண்டிருக்கும். ஆனால் பரிசு ஜெயித்தவர், ஜெயித்த துப்பாக்கியால், மண்மேட்டின் முன்னால் வைத்த தர்பூசணியைச் சுட்டு உடைத்த பிறகுதான் கறிப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பார்கள். ஊரே பசியோடு சுற்றி நின்று பார்க்கும்.

அந்த வாரம் டெல்மர் பட்ட பாடு நாய் படாது. சட்டப்படி துப்பாக்கியைக் கைமாற்ற ஹாஸ்கெல் ஒரு படிவத்தை நீட்டினார். நீ தேடப்படும் குற்றவாளியா, போதை மருந்து உண்டா என்று அதில் என்னென்னவோ கேட்டிருந்தது. எப்போதாவது சுட்டிருக்கிறாயா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று எழுதித் தப்பித்திருப்பார், பாவம்.

வீட்டில் கார் நிறுத்துகிற கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மளிகைக் காகிதப் பைகளை ஊதி ஊதி உடைத்துப் பார்த்தார், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உடைக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு பையைக்கூட அப்படி உடைக்க முடியவில்லை. அவர் மனைவி ஒலீட்டா சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டெல்மர், வீட்டுல பை தீந்துபோச்சு" என்றாள் வியாழக்கிழமை.

"வாங்கிட்டு வரேன்."

"மனசு சரியில்லாத மாதிரி இருக்க. பேசாம சனிக்கிழமை உடம்பு முடியலன்னு சொல்லிடேன்."

"சொன்னா கேக் சுட்டு எடுத்துக்கிட்டு ஊரே இங்க வந்துரும். தர்பூசணியையும் தூக்கிக்கிட்டு வந்து கட்டில் முன்னால வச்சிருவானுங்க."

ஒலீட்டா அதை யோசித்துப் பார்த்தாள். செய்யக்கூடியவர்கள்தான்.

சனிக்கிழமை வந்தது. மண்மேட்டின் முன்னால் ஒரு பீப்பாய், அதன்மேல் பச்சைத் தர்பூசணி. இடப்பக்கம், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று, போன வருஷக் குலுக்கல் பணத்தில் வாங்கிய புதுத் தண்ணீர் வண்டியைச் சிவப்பு மினுங்க நிறுத்தியிருந்தார் ஜூனியர். அதன் பக்கத்தில் பீன்ஸ் அண்டா. காது மூடியை மாட்டிக்கொண்டு ஹாஸ்கெல் சுடும் மேசை அருகே நின்றார். துப்பாக்கி விற்ற கடைக்காரர்தான் அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பு.

டெல்மர் மேசைக்கு வந்து, துப்பாக்கியைச் சுற்றி வந்து பார்த்தார்.

எடுத்தார். தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தார், சுண்டு விரலால் பார்த்தார், மறுபடி கண்ணால் பார்த்தார். ஸ்லைடை ஆட்டினார். காகிதத்தை வைத்துக் குழலுக்குள் பார்த்தார், வெளிச்சம் போதவில்லை என்று வெயில் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். குறிமுள்ளைச் சட்டை நுனியால் துடைத்தார். திருகாணிகளைத் தடவினார். லான்ஸோ கூட்டத்துக்கு நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான். "இப்ப அண்ணன் ஸ்பிரிங்கக் கேக்குறாரு. சத்தம் போடாதீங்க, ஸ்பிரிங்கக் கேக்குறாரு!"

பென்சில் வெளியே வந்தது. எகிறியது. பிடித்தார். திருப்தி இல்லாதவர் மாதிரி மறுபடி போட்டார். மறுபடி எகிறியது. குழந்தைகள் அழத் தொடங்கின. நாய்கள் கறிப் பாத்திரத்தைச் சுற்றிப் படுத்துவிட்டன.

"தம்பி," என்றார் ஜூனியர் கெஞ்சாத குறையாக, "உள்ள இருக்குறது பன்னிதான். ஆனா இவ்வளவு நேரம் வெந்தா அதுவும் என்னான்னு தெரியாமப் போயிரும். சுடுய்யா!"

ஹாஸ்கெல் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. டெல்மர் கையை நீட்டினார். கர்த்தாவே, தர்பூசணி தானாக வெடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். கண் மூடியது. தோள் காதுக்குப் போனது. உடம்பு அப்படியே இடப்பக்கம் திரும்பியது.

டமார்.

கண்ணைத் திறந்தபோது தர்பூசணி வைத்தது வைத்தபடி இருந்தது. புதுத் தண்ணீர் வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு தண்ணீர்க் கோடு, அழகாக வளைந்து, நேரே பீன்ஸ் அண்டாவுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

ஹாஸ்கெல் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். தீயணைப்புப் படை முழுவதும் ஓடியது. நெருப்பு என்றால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பயிற்சி உண்டு, தண்ணீருக்கு இல்லை. ஒருவர் விரலை வைத்து அடைத்தார், ஒருவர் தொப்பியை வைத்தார். கடைசியில் ஜூனியர் தின்றுபோட்ட மக்காச்சோளத் தண்டை எடுத்து ஓட்டையில் செருகிக் கையால் ஓங்கி அடித்தார். தண்ணீர் நின்றது.

தீர்ந்தது, பதினொரு வருஷ மானம் இன்றோடு போச்சு என்று டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது லான்ஸோவின் குரல் கேட்டது.

"அண்ணன் அன்னைக்கே சொன்னாருல்ல!"

"என்னா சொன்னாரு?"

"டன்மோர் மோசம்னு! தூக்கித்தான் எறியணும்னு! இப்ப நம்புறீங்களா? அவரு கைக்கே இது இந்தப் போக்குப் போகுதுன்னா நம்ம கையில என்னா ஆகும்?"

கூட்டத்துக்குப் புரிந்தது. "மனுசன் வாக்கு பொய்க்கல பாரு!" என்றார்கள். கைதட்டினார்கள். ஒரு கிழவி வந்து டெல்மரின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். கொலைக் கேசில் விடுதலை ஆனவனுக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இருக்காது. டெல்மருக்கு அழுகையே வந்துவிட்டது. தர்பூசணி உடையாமலே ஜூனியர் பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட, கறியை வாங்கி மூன்று தட்டு சாப்பிட்டார்.

ஹாஸ்கெல்லுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அதே துப்பாக்கியில் இன்னொரு தோட்டாவைப் போட்டு, நிதானமாகச் சுட்டார். தர்பூசணி சுக்குநூறாகச் சிதறியது.

"பாத்தீங்களா? நேராத்தான் போகுது!"

"விக்கிறவன் கையில நல்லாத்தான் சுடும்" என்றார் ஒருவர். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். கடையில் டன்மோர் ஒரு டஜன் கிடந்தது. ஏற்கெனவே ஒன்று வாங்கி இடுப்பில் வைத்திருந்த இரண்டு பேர் அங்கேயே திருப்பிக் கொடுத்தார்கள். ஜூனியர் வந்து, கோணல் துப்பாக்கியைத் தலையில் கட்டியதற்குத் தண்ணீர் வண்டியை நீதான் சரிசெய்து தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாஸ்கெல் மேசையை மடக்கினார். டெல்மர் அதைப் பார்த்துவிட்டார். நாலாவது தட்டு கையில் இருந்தது, தின்ன முடியவில்லை.

அந்த வாரம் அவருக்குத் தூக்கமே இல்லை. மானம் காப்பாற்றப்பட்டது சரி, அதற்கு ஒரு நல்ல மனிதன் கடையை மூடுவதா? தன்னை முதன்முதலில் "எப்படி இருக்கு?" என்று கேட்டவன் அல்லவா அவன்? சனிக்கிழமை காலை, "ஒலீட்டா, நீயும் கூட வா" என்றார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கடை நிறைந்திருந்தது. டன்மோர்களை ஹாஸ்கெல் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். டெல்மர் தன் துப்பாக்கியைக் கண்ணாடிமேல் வைத்தார். எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஜூனியரும் இருந்தார். ஒலீட்டா வாசற்படிக்கு அருகில் நின்றுகொண்டாள்.

"இந்தத் துப்பாக்கிய மறுபடி பாத்தேன்" என்றார் டெல்மர். "நல்லாப் பாத்தேன். இதுல ஒரு குறையும் இல்ல."

காபி ஊற்றிக்கொண்டிருந்தவர் கோப்பை நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

"ஒரு குறையும்... இல்லையா?" என்றான் லான்ஸோ.

"இல்ல."

"'ஆனா' இல்லையா அண்ணே?"

"இல்ல. ஆடவும் இல்ல, கோணலும் இல்ல. குறை எங்கிட்டதான். நான் கண்ண மூடிக்கிட்டு..."

அதற்குமேல் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. டெல்மர் ஸ்டாம்பர் குறை சொல்லாத துப்பாக்கி! இத்தனை வருஷத்தில் முதல் துப்பாக்கி! "எனக்கு ஒண்ணு எடுத்து வை!" என்று ஒருவர் கத்தினார். "எம் மருமவனுக்கும் சேத்து ரெண்டு!" லான்ஸோ அடுக்கிய பெட்டியைப் பிரித்து இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டான். திருப்பிக் கொடுத்திருந்த இருவரும் என்னுடையதைக் கொடு என்று சண்டைக்கு வந்தார்கள்.

"நான் சொல்றதக் கேளுங்கய்யா!" டெல்மர் குரலை உயர்த்தினார். "நான் இதுக்கு முன்ன சுட்டதே இல்ல! ஒரு தடவகூட! எனக்குப் பயம்!"

"அண்ணன் என்னமோ சொல்றாரே?" என்றார் ஜூனியருக்குப் பக்கத்தில் நின்றவர்.

"'ஆனா'ன்னு ஏதாவது சொன்னானா?" என்றார் ஜூனியர்.

"அப்படி ஒண்ணும் சொல்லல."

"அப்ப விடு. எனக்கு ஒண்ணு சொல்லிட்டியா?"

ஹாஸ்கெல் பணப்பெட்டிக்கும் படிவத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. "யோவ் டெல்மரு, நீ நல்லாருய்யா! ஜூனியரு, உன் வண்டிய நானே ஒட்டித் தரேன், போ!" என்று கத்தினார்.

டெல்மர் தன் துப்பாக்கியை எடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நெஞ்சைத் திறந்து உண்மையைச் சொன்னார், அதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. உண்மையை ஒளித்து வைத்திருந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று தோன்றியது.

ஒலீட்டா பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"நான் கேட்டேன்" என்றாள்.

அவர் திரும்பினார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். புதுசா ஒண்ணும் இல்ல. கல்யாணம் ஆன வருசம் திருவிழாவுல பலூன் சுடுற கடைக்குக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல எவனோ சுட்டதுக்கு நீ என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்ச."

"அப்பவே தெரியுமா? இவ்வளவு வருசமா ஏன் சொல்லல?"

"நீ சனிக்கிழமையானா சந்தோசமாக் கிளம்பிப் போவ. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பெட்டித் தோட்டாவும் இரண்டு காது மூடியும் இருந்தன. "எங்க அண்ணன் களத்துக்கு ஓட்டு. தகர டப்பா அடுக்கி வைக்கச் சொல்லியிருக்கேன். அங்க மாட்டத் தவிர ஒருத்தரும் இல்ல."

களத்தில் மேட்டின் முன்னால் ஐந்தாறு டப்பாக்கள் இருந்தன. டெல்மர் துப்பாக்கியை எடுத்தார். ஸ்லைடை இழுத்தார். காகிதத்துக்காகச் சட்டைப் பைக்குள் கை போனது.

"பாத்ததெல்லாம் போதும் டெல்மர்" என்றாள் ஒலீட்டா. "கண்ணத் திறந்து வச்சுக்க. அது ஒண்ணுதான்."

அவள் கொடுத்த தோட்டாவைப் போட்டுக்கொண்டு அவர் நின்றார். தோள் மேலே ஏறியது, அவள் அதன்மேல் கையை வைத்து மெல்லக் கீழே அழுத்தினாள். விசையை இழுத்தார்.

சத்தத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. டப்பா ஒன்றும் விழவில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு முழம் மேலே, மேட்டில் மண் சிதறியதை டெல்மர் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"மோசமில்ல" என்றாள் ஒலீட்டா.

டெல்மர் 'ஆனா'வுக்காகக் காத்திருந்தார். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தோட்டாவை எடுத்துக் கொடுத்தாள்.